பனிக்கட்டி என்று நான் சொன்ன மேகம்

வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதற்கு அரசாங்கம் எனக்கு முப்பத்தோரு வருடம் சம்பளம் கொடுத்தது. பெண் பார்க்கப் போன அன்று என் மாமனார் இதை நம்பவே இல்லை. "என்ன வேலைன்னு கேட்டா வானத்தப் பாக்கேங்கீக. அத எங்க வீட்டு வாசல்ல நின்னும் பாக்கலாமே மாப்ளே, அதுக்கு எதுக்கு ஆபீஸு?" என்று கேட்டார். பெண்ணைக் கொடுத்துவிட்டார். சந்தேகம் மட்டும் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

நீங்கள் ஆறு பேர் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்றும், உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். கருவிகளைப் பற்றி நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். நான் வெள்ளைப் பெட்டியைத் திறந்து, குனிந்து, மூச்சுக்காற்று படாமல் தெர்மாமீட்டரைப் படித்தவன். உங்கள் கருவி தானே படித்து, தானே அனுப்பிவிட்டு, உங்களுக்கு டீ குடிக்க நேரமும் கொடுக்கிறது. நல்லது, குடியுங்கள். கருவிக்கு இன்னும் சொல்லித்தர முடியாத ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். அது மூன்று நாளில் நடந்து முடிந்தது. அந்த மூன்று நாளில் எனக்கு இருந்த தலைக்கனம் முக்கால்வாசி போய்விட்டது. மீதி கால்வாசி இன்னும் இருக்கிறது என்று என் மனைவி சொல்கிறாள்.

எண்பதுகளின் கடைசி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மம்சாபுரம் போகிற சாலையில் எங்கள் வானிலை நிலையம் இருந்தது. நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓட்டுக் கட்டடம் ஒன்று, முள்கம்பி வேலி, வேலிக்குள் புல்தரை, அதில் வெள்ளைப் பெட்டியும் மழைமானியும். ஆட்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொருவர் என்னைவிட இரண்டு வயது மூத்த பொறுப்பாளர். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். என் வீடு ராஜபாளையத்தில். தினமும் பஸ்ஸில் வந்து போவேன். காலை எட்டரைக்கு ஒரு பார்வை, மாலை ஐந்தரைக்கு ஒரு பார்வை. பார்த்ததை ரெஜிஸ்டரில் எழுதி மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றே எங்களுக்குச் சொல்லப்பட்டது இது: இருப்பதை எழுது, வரப்போவதைச் சொல்லாதே. மழை வரும், வராது என்று ஊருக்குச் சொல்வது மெட்ராஸில் இருக்கும் பெரிய அதிகாரிகளின் வேலை.

எங்கள் வேலிக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு துணிக்களம். ராஜபாளையத்து முதலாளி ஒருவருடையது, ஓரத்தில் ஒரு தகர ஷெட்டும் உண்டு. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற மெல்லிய பேண்டேஜ் துணியை அவருடைய பட்டறையில் வெளுத்து, ஈரத்தோடு லாரியில் ஏற்றி இங்கே அனுப்புவார்கள். களத்தில் கல்தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி, நீள நீளமாக வெயிலில் விரிப்பார்கள். காலையில் விரித்தால் சாயங்காலம் சுருட்டி ஏற்றிவிடலாம். மழை பட்டால் என்ன, தண்ணீர்தானே என்று தோன்றும். மழையோடு காற்றும் சேர்ந்தால் துணி கயிற்றை விட்டுச் சேற்றில் விழும். சேறு பட்ட துணியைக் காயத்தில் கட்ட முடியாது. மறுபடி வெளுத்தால் நூல் நைந்து, பாதி துணி கிழிசலாகத்தான் திரும்பி வரும்.

அந்தக் களத்துக்கு மேஸ்திரி பேச்சியம்மாள். மம்சாபுரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அதுவரை அங்கே ஆண்கள்தான் மேஸ்திரியாக இருந்திருக்கிறார்கள். இவர்தான் முதல் பெண். பதினான்கு பெண்களைத் தன் தெருவிலிருந்தே கூட்டிவந்து வேலைக்கு வைத்திருந்தார். இவருக்கு முன்னால் இருந்த மேஸ்திரி ராஜபாளையத்துப் பட்டறையிலேயே வேறு வேலை பார்த்துக்கொண்டு, இவர் எப்போது சறுக்குவார் என்று காத்திருந்தார். பேச்சியம்மாள் போனால் அந்தப் பதினான்கு பேரும் போக வேண்டியதுதான். இது அந்தச் சாலையில் டீக்கடைக்காரர் முதல் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

தினமும் எட்டரை மணிக்கு நான் புல்தரையில் நிற்கும்போது பேச்சியம்மாள் சாலையைத் தாண்டி வேலியோரம் வருவார்.

"சார், இன்னைக்கு விரிக்கட்டுமா?"

"விரிங்க பேச்சியம்மா."

விதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒருவர் நம்மைத் தேடி வந்து தினமும் கேட்டால் விதி எங்கே ஞாபகம் வரும்? தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் நான் சொன்னது ஒருநாள் தப்பவில்லை. இதில் என் திறமை ஒன்றும் கிடையாது. அந்த மூன்று மாதமும் எங்கள் பக்கம் மழையே பெரும்பாலும் வராது. வேலியில் உட்கார்ந்திருக்கும் காக்காயைக் கேட்டாலும் விரிக்கச் சொல்லியிருக்கும். ஆனால் பேச்சியம்மாள் தன் பெண்களிடம், "அவிய சொன்னா சொன்னதுதான்" என்று சொல்வது சாலை தாண்டி என் காதில் விழும். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவாது.

மாசியில் ஒருநாள் காலை உச்சி வானம் முழுக்க வெள்ளை வெள்ளையாய், பொடிப் பொடியாய், வரிசை வரிசையாய் மேகம். காற்று வாரிவிட்ட மணல்போலச் சன்னமான அலைகள். பேச்சியம்மாள் வாயைப் பிளந்து பார்த்தார்.

"ஏ அப்பா! இது எதுல சார் செஞ்சது?"

நான் உற்சாகமாகிவிட்டேன். சிர்ரோகுமுலஸ் என்று அதன் பெயரைச் சொல்லி, இருபதாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது, அங்கே உறைகுளிர், அதனால் பெரும்பாலும் பனிக்கட்டித் துகள்தான் என்றேன்.

"இந்த வெயில்லயா? நம்ம தலைக்கு மேலயா?"

"ஆமா. நடுவுல நடுவுல தண்ணித்துளியும் உண்டு. அது ஐஸைவிடக் குளிர்ச்சியா இருக்கும், ஆனா உறையாம தண்ணியாவே நிக்கும். ஒரு தூசியோ, ஒரு ஐஸ் துகளோ பட்டுச்சுன்னா அந்தாக்குல உறைஞ்சிரும்."

பேச்சியம்மாள் கொஞ்சம் யோசித்தார். "பாலு கணக்கா. உறைமோர் ஊத்துற வரைக்கும் பாலாத்தான கெடக்கும்" என்றார்.

எங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு அது புரிய ஒரு வாரம் ஆனது. நீங்கள் யாருக்காவது இதை விளக்க வேண்டி வந்தால் பேச்சியம்மாள் சொன்னதையே சொல்லுங்கள்.

அந்த மேகத்தை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது, உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். கையை நேராக நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்குங்கள். மேகத்தின் ஒரு பொடி சுண்டுவிரல் அகலத்துக்குள் மறைந்துவிட்டால் அது உயரத்தில் இருக்கிறது, அந்தப் பனிக்கட்டி மேகம்தான். விரலைத் தாண்டி இரண்டு பக்கமும் தெரிந்தால் அதற்குக் கீழே, நடுமட்டத்தில் இருக்கிற மேகம். அது ஆல்டோகுமுலஸ். அதில் பெரும்பாலும் தண்ணீர். இந்த விதிக்கு இரண்டாம் பாதி ஒன்றும் உண்டு. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் வேண்டிய நேரத்தில் எனக்கே அது ஞாபகம் வரவில்லை.

சித்திரை பிறந்து இரண்டு வாரம் இருக்கும், ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மேற்கே மலைக்கு மேல் அலையலையாய் மேகம் நின்றது. களத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு துணி இறங்கியிருந்தது. ஏதோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற சரக்கு, சாயங்காலம் லாரி வந்துவிடும் என்று முதல்நாளே பேச்சியம்மாள் சொல்லியிருந்தார்.

நான் கையை நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்கினேன். மலைக்கு மேலிருந்த பொடிகள் விரலுக்குள் அடங்கின. பேச்சியம்மாள் என் விரலைப் பார்க்கவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது தலையில குருத்து விடுது பாருங்க."

உண்மைதான். அலைகளின் மேல்விளிம்பில் அங்கங்கே குட்டிக் குட்டியாய் மொட்டுகள் எழும்பியிருந்தன. நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அன்னைக்கு நாம பாத்த அதே மேகம்தான். அது தண்ணியே இல்ல பேச்சியம்மா, பனிக்கட்டி. அதுல இருந்து ஒரு சொட்டு தரைக்கு வராது."

"செத்த நேரம் பொறுத்து விரிக்கட்டுமா?"

"நான் சொல்லுதேன்ல. விரிங்க."

அவர் இன்னொருமுறை மலையைப் பார்த்தார். பிறகு சாலையைத் தாண்டிப் போனார். "ஏட்டி, எல்லாத்தையும் எடுங்கட்டி" என்று குரல் கொடுத்தது கேட்டது. நான் உள்ளே போய் ரெஜிஸ்டரில் உயரத்து மேகம் என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

மதியம் இரண்டு மணிக்கு மலைப்பக்கம் இருட்டியது. இரண்டேகாலுக்கு இடி. நான் வராந்தாவுக்கு ஓடி வருவதற்குள் காற்று வந்துவிட்டது. பதினைந்து பெண்களும் களத்தில் இங்குமங்கும் ஓடினார்கள். ஒரு வரிசையைச் சுருட்டுவதற்குள் அடுத்த வரிசை கயிற்றோடு பறந்தது. நானும் சாலையைத் தாண்டி ஓடி ஒரு முனையைப் பிடித்தேன். ஈரத்துணி என்ன கனம் கனக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அரைமணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு மழை நின்றது. துணி முழுவதும் சேற்றில் கிடந்தது. பேச்சியம்மாள் முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு நீளமாக இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஐந்தரை மணிப் பார்வைக்குப் பொறுப்பாளர் வந்தார். காலைப் பதிவைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க நின்னு பாத்தீரு?"

"புல்தரையிலதான்."

"மேகம் எங்க நின்னுச்சு?"

"மலைக்கு மேல."

"எத்தனை முஷ்டி உயரம்?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விதியின் இரண்டாம் பாதி இதுதான்: கையை நீட்டி முஷ்டி மடக்கினால், அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டிக்கு மேலே இருக்கும் மேகத்தைத்தான் சுண்டுவிரலால் அளக்கலாம். அதற்குக் கீழே இருப்பது தூரத்தில் இருக்கிறது. தூரத்தில் இருப்பது எதுவும் சின்னதாகத்தானே தெரியும்? நான் அளந்தது இரண்டு முஷ்டிகூட இருக்காது. அது நடுமட்டத்துத் தண்ணீர் மேகம். தலையில் மொட்டு விட்ட தண்ணீர் மேகம் காலையில் தெரிந்தால் மத்தியானம் இடிமழைக்கு வாய்ப்பு உண்டு. பயிற்சியில் படித்தேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

"அழிக்காதேயும்" என்றார் பொறுப்பாளர். "ஒரு கோடு போட்டு அடியும். பழசு தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடும்."

போட்டேன். வேலையைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது. நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் புதன்கிழமை காலை பேச்சியம்மாள் வேலியோரம் வரவில்லை. களத்தில் ஆளே இல்லை. பதினொரு மணிக்கு முதலாளியின் சூப்பர்வைசர் மோட்டார்சைக்கிளில் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், நேத்து மழை வராது, விரிக்கலாம்னு நீங்க சொன்னதா எங்க மேஸ்திரியம்மா சொல்லுது. முதலாளி கேட்டுட்டு வரச் சொன்னாரு."

பிள்ளைகளே, நான் என்ன பதில் சொன்னேன் என்பதை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. "மழை வரும், வராதுன்னு சொல்ல எங்களுக்கு அதிகாரம் கிடையாதுங்க. நாங்க இருக்கிறத எழுதுறதோட சரி" என்றேன்.

"அப்ப அந்தம்மா பொய் சொல்லுதா?"

"அத நான் எப்படிங்க சொல்ல முடியும்?"

அவர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, கவனியுங்கள். எங்களுக்கு அதிகாரம் கிடையாது, உண்மை. முதல்நாள் பேச்சியம்மாளிடம் சொன்னதிலும் மேகத்தின் பெயர் மட்டும்தான் தப்பு. பனிக்கட்டி மேகத்திலிருந்து சொட்டுகூடத் தரைக்கு வராது, அதுவும் புத்தகத்தில் உள்ளதுதான். புத்தகத்தில் உள்ளதையும் விதியில் உள்ளதையும் மட்டுமே சொல்லி ஒரு மனுஷியின் பிழைப்பில் மண்ணைப் போட முடியும் என்று நான் அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டேன்.

பொறுப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் களத்துக்காரர்களிடம் வானிலை சொல்லிவந்தது மேலே தெரிந்தால் மெமோ வரும். சிலநேரம் மெமோவோடு மாற்றலும் வரும். அவர் பேனாவை மூடிவிட்டு, "நீரு அந்த முதலாளிகிட்ட போனா எனக்குத் தெரியாது. போகலைன்னாலும் எனக்குத் தெரியாது" என்றார். எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. போ என்றோ போகாதே என்றோ யாராவது சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம்!

ஐந்தரைப் பார்வையை முடித்துவிட்டு பஸ் ஏறினேன். ராஜபாளையத்துக்குள் நுழையும் இடத்தில் அந்த முதலாளியின் பட்டறை, சாலையை ஒட்டியே கேட். பஸ் மெதுவாகப் போகும்போது பார்த்தேன். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பதினான்கு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாள் மட்டும் நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து நிற்கிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சன்னலிலிருந்து முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். பஸ் தாண்டிவிட்டது. பஞ்சு மார்க்கெட் நிறுத்தத்தில் இறங்கினேன். அங்கிருந்து என் வீடு தெற்கே. நான் பட்டறை இருந்த வடக்குப் பக்கம் திரும்பி நடந்தேன். தைரியம் வந்து நடக்கவில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவியின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயத்தில்தான் நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சியம்மாளை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். முதலாளி மேசைக்குப் பின்னால் இருந்தார். பழைய மேஸ்திரி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், மாப்பிள்ளைத் தோரணையில். சூப்பர்வைசர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ஏமண்டி, நீங்க யாரு?" என்றார் முதலாளி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"நான் அந்த வானிலை நிலையத்து ஆளுங்க. காலையில உங்க சூப்பர்வைசர்கிட்ட நான் சரியாச் சொல்லல. விரிக்கச் சொன்னது நான்தான். தினமும் நான்தான் சொல்லுதேன். நேத்து நான் மேகத்தத் தப்பா அளந்துட்டேன். இந்தம்மா தப்பா அளக்கல. மேகம் குருத்து விடுது, செத்த நேரம் பொறுக்கட்டுமான்னு கேட்டாங்க. நான்தான் கேக்காம விரிக்கச் சொன்னேன்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

முதலாளி பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார். "உனக்குத்தான் தெரிஞ்சிருக்கே. பொறவு ஏன்மா விரிச்ச?"

"படிச்சவுக சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல முதலாளி?" என்றார் பேச்சியம்மாள். என்னைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். முப்பத்தோரு வருடத்தில் எனக்கு மெமோ வந்திருக்கிறது, அதிகாரிகள் முகத்துக்கு நேரே கத்தியிருக்கிறார்கள். இந்த ஒரு வார்த்தை அளவுக்கு எதுவும் என்னைச் சுட்டதில்லை.

முதலாளி கொஞ்சநேரம் கத்தினார். சர்க்கார் சம்பளம் வாங்குகிற ஆளை நான் என்ன செய்ய முடியும், என் சரக்குக்கு யார் பதில் சொல்வது, ஆஸ்பத்திரிக்காரனுக்கு மேகத்தைக் காட்டவா என்று கேட்டார். எல்லாம் நியாயமான கேள்வி. கத்தி முடித்துத் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு, "அது போகட்டும், மேல நெசமாவே ஐஸ் இருக்கா?" என்றார்.

"இருக்குங்க. நேத்து நான் பாத்த மேகத்துல இல்ல, அதுக்கு மேல உள்ளதுல இருக்கு."

"இந்த ராஜபாளையத்து வெயில்ல?"

"ஆமாங்க."

"அடக் கடவுளே" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பழைய மேஸ்திரியைப் பார்த்து, "நீ போய் உன் வேலையப் பாருய்யா" என்றார். பேச்சியம்மாளிடம், "நாளைக்குக் காலைல துணி வரும். மறுபடி வெளுத்தது, இன்னொரு தரம் தாங்காது, பாத்துக்கோ. இனிமே இவருகிட்ட ஒண்ணும் கேக்காத" என்றார்.

வெளியே வந்ததும் பதினான்கு பெண்களும் எழுந்தார்கள். பேச்சியம்மாள் அவர்களிடம், "வாங்கட்டி, காலைல வேலை இருக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சைக்கிள் தூசி என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு சைக்கிளும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரை. நான் புல்தரையில் நின்றேன். லாரி வந்து துணியை இறக்கிவிட்டுப் போயிருந்தது. பேச்சியம்மாள் சாலையைத் தாண்டி வந்து வேலியோரம் நின்றார். எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"முதலாளி கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு" என்றார் கடைசியில். "நான் கேக்கல சார். நீங்களாச் சொன்னா காதுல விழும், அம்புட்டுத்தான்."

உச்சியில் மெல்லிய அலை மேகம். நான் முதலில் முஷ்டி மடக்கி அடிவானத்திலிருந்து எண்ணினேன். மூன்று அல்ல, ஏழு வந்தது. பிறகு சுண்டுவிரலைத் தூக்கினேன். பொடிகள் விரலுக்குப் பின்னால் மறைந்தன, சாம்பல் நிழல் எதுவும் இல்லை. சூரியனுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஓரம் மயில் கழுத்து நிறத்தில் மினுங்கியது. அந்த இடத்தில் இன்னும் உறையாத தண்ணீர்த்துளிகள் இருக்கின்றன என்று அர்த்தம். மலையைப் பார்த்தேன். மலைக்குமேல் வெறும் புகைமூட்டம், ஒன்றும் பிடிபடவில்லை.

இதையெல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன்.

"இந்த மேகம் ஒண்ணும் செய்யாது பேச்சியம்மா. ஆனா மத்தியானத்துக்கு மேல மலையில இருந்து என்ன வரும்னு எனக்குத் தெரியல. நெசமாவே தெரியல."

முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. களத்தைப் பார்த்துத் திரும்பி, "ஏட்டி, பாதிய மட்டும் விரிங்கட்டி! மீதிய ஷெட்டுக்குள்ளயே வைங்க" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா பாதித் துணி தப்பிச்சிருக்கும்ல சார்?"

அன்றைக்கு மழை வரவில்லை. ஷெட்டுக்குள் இருந்த பாதித் துணி ஈரமாகவே கிடந்தது, அதற்காக முதலாளி அவரைத் திட்டினார் என்று மறுநாள் காலை வேலியோரம் வந்து, சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.